கர்ப்பகாலக் கவலைக்கு இணையவழிச் சுயபயிற்சி: எது உதவும், எங்கே போதாது

ஸ்கேன் அறிக்கையில் புரியாத ஒரு சொல். அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. பிள்ளை கக்கிய பாலில் நிறம் மாறியிருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். மாசமாக இருக்கும் பெண்ணும் பிள்ளை பெற்ற பெண்ணும் இன்று இதற்கெல்லாம் முதலில் எடுப்பது கைப்பேசியைத்தான். தேடியதும் ஒரு பதில் கிடைக்கிறது, மனம் சற்று அடங்குகிறது. பத்து நிமிடத்தில் அடுத்த சந்தேகம் வருகிறது. மறுபடியும் தேடல் தொடங்குகிறது.

இதைச் சுய உதவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தத் தேடல் பெரும்பாலும் கவலையின் அறிகுறி. அதை வளர்த்துவிடுவதும் இதுவே. அதே கைப்பேசியில் செய்யக்கூடிய, உளவியல் முறைப்படி அமைந்த, ஆய்வில் சோதிக்கப்பட்ட பயிற்சிகளும் இருக்கின்றன. தேடல் வேறு, பயிற்சி வேறு என்பதைத் தாய்மார்களும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த விளக்கம்.

இந்தக் கவலை எத்தனை பேருக்கு வருகிறது?

பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறோம். கவலை நோயைப் பற்றிப் பேசுவது குறைவு. 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கர்ப்பகாலத்தில் சுமார் 15 சதவீதப் பெண்களுக்கும், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களில் சுமார் 10 சதவீதப் பெண்களுக்கும் நோய் என்று சொல்லத்தக்க அளவில் கவலை இருப்பதாக அது கணக்கிட்டது. நோய் அளவை எட்டாமல், பதற்றத்தோடு நாளைக் கழிப்பவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

பிள்ளையைச் சுமக்கும்போது கவலை வருவது இயல்பு. அந்தக் கவலைதான் மாத்திரையை நேரத்துக்குப் போட வைக்கிறது, பரிசோதனைக்குப் போக வைக்கிறது. அளவு மீறுவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. நெஞ்சு படபடக்கும், கை கால் நடுங்கும். யார் என்ன சமாதானம் சொன்னாலும் மனம் ஏற்காது. தனியாகப் பிள்ளையைக் குளிப்பாட்டவோ வெளியே கூட்டிப் போகவோ பயந்து, ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தொடங்குவாள்.

இதை அளந்து பார்க்க எளிய வழி உண்டு. கடந்த இரண்டு வாரங்களில், பதற்றமாகவோ நிலைகொள்ளாமலோ எத்தனை நாள் இருந்தீர்கள்? கவலையை நிறுத்த முடியாமல் எத்தனை நாள் தவித்தீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘சில நாட்கள்’ என்றால் 1, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ என்றால் 2, ‘ஏறக்குறைய தினமும்’ என்றால் 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். பிரிட்டனின் மகப்பேறு மனநல வழிகாட்டுதல் 2014 முதல் இந்த இரு கேள்விகளையும் கேட்கச் சொல்கிறது. 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்ற இன்னொரு கருவி பத்துக் கேள்விகள் கொண்டது. அதில் மூன்று கேள்விகள் தேவையற்ற குற்ற உணர்வு, கவலை, பீதி ஆகியவற்றைப் பற்றியவை. அதன் தமிழ் வடிவத்தின் நம்பகத்தன்மையை மருத்துவர்கள் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் மருத்துவமனையில் அதைக் கேட்டு வாங்கி நிரப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. படபடப்புக்கு உடல் காரணமும் இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சி சிலருக்கு வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும். மனம் சார்ந்தது என்று முடிவு கட்டும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கவலை தன்னைத் தானே வளர்க்கும் விதம்

இணையவழிப் பயிற்சிகளில் பெரும்பாலானவை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற முறையில் அமைந்தவை. அதன் அடிப்படை எளிது. நினைப்பு, உடல், செய்கை மூன்றும் ஒன்றையொன்று தூண்டுகின்றன.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் விழிப்பு வருகிறது. ‘பிள்ளைக்கு மூச்சு வருகிறதா?’ என்ற நினைப்பு எழுகிறது. உடனே நெஞ்சு அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எழுந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். மூச்சு வருகிறது. நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அவள் மூளை கற்றுக்கொண்ட பாடம் வேறு: ‘ஆபத்து இருந்தது, பார்த்ததால்தான் தப்பித்தோம்.’ அதனால் அடுத்த முறை நினைப்பு இன்னும் சீக்கிரம் வருகிறது. ஒரு இரவில் ஒருமுறை பார்த்தவள் சில வாரங்களில் கால்மணிக்கு ஒருமுறை பார்க்கிறாள். தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் கவலை ஏறுகிறது.

இணையத் தேடலும் இப்படித்தான் வேலை செய்கிறது. தேடுவது, சரிபார்ப்பது, கணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, சாட்பாட்டிடம் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்பது எல்லாம் ஒரு கணம் நிம்மதி தரும். அந்த நிம்மதிதான் அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கிறது. நல்ல பயிற்சி நிம்மதியை உடனே கையில் கொடுக்காது. நிச்சயம் இல்லாமலேயே கொஞ்ச நேரம் இருக்கப் பழக்கும். இதனால்தான் பயிற்சி முதலில் கடினமாக இருக்கும், போகப் போகப் பலன் தரும்.

பயிற்சிக்குள் என்ன இருக்கும்?

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ‘திஸ் வே அப்’ என்ற இணையச் சேவை இதற்கு நல்ல உதாரணம். கர்ப்பிணிகளுக்கு ஒன்று, பிள்ளை பெற்றவர்களுக்கு ஒன்று என்று தனித்தனிப் பயிற்சிகளை அது உருவாக்கியது. ஒவ்வொன்றிலும் மூன்றே பாடங்கள், சில வாரங்களில் முடிக்க வேண்டும். பால் கொடுப்பதற்கும் அடுத்த அழுகைக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் நீண்ட பாடங்களை யாராலும் முடிக்க முடியாது என்பதை உணர்ந்து சுருக்கியிருக்கிறார்கள். பாடத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தால் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி உண்டு. பலன் அதில்தான் இருக்கிறது.

இத்தகைய பயிற்சிகளில் பொதுவாக வரும் ஐந்து செய்முறைகள் இவை. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

முதலாவது, எழுதிப் பார்ப்பது. கவலை எழும்போது நான்கு வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன தெரிந்தது, என்ன செய்தேன். ஒரு வாரம் எழுதினால் உங்கள் கவலை எந்த நேரத்தில், எதைத் தொட்டு வருகிறது என்பது தெரியும்.

இரண்டாவது, கவலைகளைப் பிரிப்பது. ‘பிரசவத்தின்போது நான் தனியாக இருப்பேனோ’ என்பது ஏதாவது செய்யக்கூடிய கவலை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் பெண் துணை ஒருவர் உடனிருக்க ஏற்பாடு உண்டு. யார் வருவது என்று இன்றே பேசி முடிவு செய்யலாம். ‘பிள்ளைக்குப் பிற்காலத்தில் ஏதாவது ஆகிவிடுமோ’ என்பது இன்று விடை காண முடியாத கவலை. முதல் வகைக்கு ஒரு செயலை எழுதிச் செய்து முடியுங்கள். இரண்டாம் வகைக்கு அடுத்த செய்முறை.

மூன்றாவது, கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. மாலையில் 15 அல்லது 20 நிமிடம் போதும், படுக்கப் போகும் நேரம் வேண்டாம். பகலில் விடையில்லாத கவலை வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு, ‘மாலையில் பார்க்கலாம்’ என்று கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். கவலைப்படாதே என்று மனதுக்குக் கட்டளை இட்டால் அது கேட்காது. தள்ளிப்போடச் சொன்னால் ஓரளவு கேட்கும். மாலையில் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பாதிக்கு வேகம் குறைந்திருப்பதைப் பலர் உணர்கிறார்கள்.

நான்காவது, சரிபார்ப்பதைப் படிப்படியாகக் குறைப்பது. முதலில் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்துவிடுங்கள்: பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான சமமான படுக்கையில், முகத்தருகே தலையணையோ தளர்ந்த துணியோ இல்லாமல். அதற்குப் பிறகு கால்மணிக்கு ஒருமுறை பார்ப்பதை அரைமணிக்கு, பிறகு ஒரு மணிக்கு என்று தள்ளுங்கள். கடைசியில் பால் கொடுக்க எழும்போது மட்டும் பார்த்தால் போதும் என்ற நிலைக்கு வரலாம். வெளியே போக பயமென்றால் முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு கடை வரை. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறி, தானாகவே இறங்குவதைக் காண்பதுதான் பாடம். இறங்கும் முன் ஓடி வந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, மூச்சும் உடலும். மூக்கால் மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட நீளமாக வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பால் கொடுக்கும்போதும் செய்யலாம். தோள், தாடை, கை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தலாம். காபி, டீயைக் குறையுங்கள். கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்கிறது. நெஞ்சு படபடப்பவர்களுக்கு அதற்கும் குறைவாக இருப்பது நல்லது.

உண்மையில் பலன் உண்டா?

மேலே சொன்ன ஆஸ்திரேலியப் பயிற்சிகள் இரண்டையும் வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டுச் சோதித்த முடிவுகள் 2019இல் வெளிவந்தன. பயிற்சி எடுத்த பெண்களுக்குக் கவலை கூடுதலாகக் குறைந்திருந்தது. ‘மம்மூட்பூஸ்டர்’ என்ற ஆறு பாடப் பயிற்சி, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு உதவுவதாக 2016இல் வெளியான ஒரு சோதனை காட்டியது.

எல்லா முடிவுகளும் இப்படி இல்லை. நெதர்லாந்தில் கர்ப்பிணிகளுக்காக உருவாக்கிய ‘மாமாகிட்ஸ்’ என்ற பயிற்சியைச் சோதித்த முடிவு 2020இல் வெளிவந்தது. அதில் பயிற்சி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இணையப் பயிற்சி என்றாலே பலன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பயிற்சி, யாருக்கு, எவ்வளவு கடுமையான கவலைக்கு என்பதெல்லாம் முக்கியம். இந்தத் துறையில் திரும்பத் திரும்பத் தெரியும் இன்னொன்று, பாதியில் விட்டுவிடுபவர்கள் அதிகம் என்பது. வாரம் ஒருமுறை யாராவது தொலைபேசியில் ‘எதுவரை வந்தீர்கள், எது கடினமாக இருக்கிறது’ என்று கேட்டால் தொடர்பவர்கள் கூடுகிறார்கள். அதனால்தான் பிரிட்டனின் வழிகாட்டுதலும் சுய உதவியை ஒருவர் துணையோடு செய்யச் சொல்கிறது.

அந்தத் துணை பெரிய நிபுணராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் அரசு மருத்துவமனை ஒன்றில் சுமார் 1200 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. உளவியல் பட்டம் பெற்ற, சிகிச்சை அனுபவம் இல்லாத பெண்கள் பயிற்சி பெற்று, நேரில் சில அமர்வுகளில் இதே வகை செய்முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரசவமாகி ஆறு வாரத்தில், சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களிடம் கவலையும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடப் பெரிதும் குறைவாக இருந்தன. இது இணையவழி அல்ல. ஆனால் நம்மைப் போன்ற குடும்ப அமைப்புள்ள தெற்காசிய ஊரில் இந்தச் செய்முறைகள் எடுபடும் என்பதற்கு இது வலுவான சான்று.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

செயலிக் கடையில் ‘கர்ப்பம்’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். தரவிறக்கும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். உருவாக்கியது யார்: மருத்துவமனையா, பல்கலைக்கழகமா, பெயர் தெரியாத நிறுவனமா? தாய்மார்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? தொடக்கமும் முடிவும் உள்ள பாடமா, இல்லை தினமும் உங்களை உள்ளே இழுக்கும் அறிவிப்புகளா? நெருக்கடியில் யாரை அழைப்பது என்று முதல் பக்கத்திலேயே சொல்கிறார்களா?

அந்தரங்கம் இன்னொரு விஷயம். மாதவிடாயையும் கர்ப்பத்தையும் பதிவு செய்யும் ‘ஃப்ளோ’ என்ற செயலி, பெண்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021இல் அது உடன்பாட்டில் முடிந்தது. மனதில் இருப்பதை எழுதும் செயலிக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். வீட்டில் பலர் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தினால், காகித நோட்டே பாதுகாப்பு.

மொழி அடுத்த தடை. நன்கு சோதிக்கப்பட்ட பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் எளிதாக வருபவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடு ஒன்று, படங்களோடும் ஒலிப் பயிற்சிகளோடும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது தாய்மார்களுக்கென்று எழுதப்பட்டதல்ல, ஆனால் படங்கள் நிறைய இருப்பதால் பின்பற்ற எளிது. தமிழில் பேசித் துணை பெற இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

எங்கே போதாது?

இணையப் பயிற்சி மிதமான கவலைக்கு. சில நிலைகளில் அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

முதலில் உடல். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால், ரத்தக் கசிவு வந்தால், கடுமையான தலைவலியோடு பார்வை மங்கினால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள். இணையத்திலும் தேடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ‘எப்போதும் கவலைப்படுபவள்தானே’ என்று வீட்டாரும் தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது, வெளியே சொல்லக் கூசும் நினைப்புகள். பிள்ளை கைதவறி விழுவது போல, சில சமயம் தானே பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவது போல, வேண்டாத காட்சிகள் மனதில் வந்து போகும். புதிய தாய்மார்களில் மிகப் பலருக்கு இது வருகிறது. அந்த நினைப்பைக் கண்டு நீங்கள் அஞ்சி நடுங்குவதே அது உங்கள் விருப்பம் இல்லை என்பதைக் காட்டுகிறது. இது கவலையின் ஒரு வடிவம், சிகிச்சையில் குணமாகும், மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

இதற்கு முற்றிலும் வேறானது பிரசவ மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரு வாரங்களுக்குள். தூக்கமே தேவைப்படாதது போல இருப்பது, தொடர்பில்லாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை கொள்வது, மணிக்கு மணி மனநிலை மாறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இது அவசர நிலை. தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸ் எண்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணமோ, தன்னையோ பிள்ளையையோ முடித்துவிடும் எண்ணமோ வந்தாலும் இதேதான் செய்ய வேண்டும். கோயிலுக்கோ மந்திரிக்கவோ பிறகு போகலாம், முதலில் மருத்துவர்.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பம் தெரிந்ததும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. மாற்றுவதா, தொடர்வதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் அந்த பயம் நோயல்ல. அதற்குப் பயிற்சி தீர்வும் ஆகாது. பாதுகாப்புதான் முதலில். இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181.

வீட்டார் செய்ய வேண்டியது

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அவளுக்கென்று அரை மணி நேரம் இருக்காது. இணையப் பயிற்சிக்குத் தேவைப்படும் முதல் பொருள் நேரம். தினமும் அரை மணி நேரம் பிள்ளையைக் கணவரோ அம்மாவோ வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அவள் நோட்டில் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

‘எல்லாரும் பெத்துக்கலையா?’ என்ற பேச்சு அவளை வாய் மூட வைக்கும். அதேபோல, அவள் இருபதாவது முறை ‘பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே?’ என்று கேட்கும்போது இருபதாவது முறையும் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்வதும் உதவாது. ‘பயமா இருக்கு இல்ல? எனக்குப் புரியுது. இதை சாயங்காலப் பட்டியல்ல எழுதி வச்சுக்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அவள் பயத்தை ஒப்புக்கொள்கிறீர்கள், சுழலுக்கும் தீனி போடவில்லை. இரவில் ஒரு வேளைப் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டு, அவள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்க வழி செய்தால், அதுவே பாதி சிகிச்சை.

பயிற்சியைத் தொடங்கினால் நான்கு வாரம் முழுதாகச் செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதி மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் தொடருங்கள். குறையவில்லை என்றால் உங்கள் முயற்சியில் குறை என்று எண்ண வேண்டாம். உங்கள் கவலைக்கு ஆள் துணையோ மருந்தோ தேவைப்படுகிறது என்று அதற்குப் பொருள். இடையில் கூடினால் நான்கு வாரம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை எழுதிய அட்டையோடு அந்த மதிப்பெண் தாளையும் எடுத்துப் போய் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கொடுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.